பள்ளி என்றொரு சொல்: மாறிவரும் கேரளமும் திருச்சபைகளும்

"பள்ளி" என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் கேட்டால் பிள்ளைகள் படிக்கும் இடம் நினைவுக்கு வரும். இங்கே மலையாளத்தில் கேட்டால் மாதாகோயில், அல்லது மசூதி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதே தென்திருவிதாங்கூர் மண்ணில் கேட்டிருந்தால், சமண முனிவர் தங்கும் இடம் என்று பதில் வந்திருக்கும். முனிவர் படுத்த இடம் பள்ளி. அங்கே அவர் பாடம் சொன்னதால் படிக்கும் இடமும் பள்ளி. எங்கள் சொல் எங்களை விட்டுப் போய் வேறு வேறு வீடுகளில் குடியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லாவது பிழைத்ததே!

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, காந்தளூர்ச்சாலையைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். வலியசாலையில் குடியிருந்துகொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவது? ஆனால் இந்த முறை, கேரளத்தின் கிறிஸ்தவ சபைகளைப் பற்றி எழுதத் துணிகிறேன். சமணனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆள் குறைந்தால் ஒரு சமயத்துக்கு என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரிந்த பாடம். தெரிந்ததைச் சொல்லாமல் போனால் தப்பு.

ஒரு கேள்வி

என் கடை சாலைக் கம்போளத்தில். மூட்டை இறக்குவது யூனியன் தொழிலாளிகள். கடைக்குள்ளே மூட்டையைப் பிரித்து, எடை போட்டு, பாக்கெட் கட்டுவதற்கு இரண்டு வருஷமாக ஒடிசாக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். கந்தமால் மாவட்டம். ஒரு சனிக்கிழமை கடை அடைக்கிற நேரத்தில், "சேட்டா, இங்கே எங்களுக்குப் புரிகிற பாஷையில் பள்ளி இருக்கா?" என்று கேட்டான். அப்போதுதான் அவன் கிறிஸ்தவன் என்றே எனக்குத் தெரிந்தது. முந்தின வாரம் ஒரு தேவாலயத்துக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்றவர், வேலை தேடி வந்திருக்கிறான் என்று நினைத்து, "நாளைக்கு வா, சுத்தம் பண்ண ஆள் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்படி ஒரு முகம் ஜெபிக்க வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையனின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடப்போய் எழுதியதே இந்தக் கட்டுரை.

கணக்கு என்ன சொல்கிறது

வியாபாரிக்கு முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் ஜனத்தொகை 3 கோடியே 34 லட்சம். அதில் கிறிஸ்தவர் 61 லட்சத்துக்கு மேல்; நூற்றுக்கு 18.4 பேர். 1961ல் இதே பங்கு 21க்குச் சற்று மேல் இருந்தது. இது மெல்ல மெல்ல இறங்கிய இறக்கம். யாரும் துரத்தி நேர்ந்ததல்ல. பிள்ளைகள் குறைந்தார்கள், இளையவர்கள் கடல் கடந்தார்கள்.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற அளவைக் கேரளம் 1980களின் இறுதியிலேயே எட்டிவிட்டது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் அது 1.8. மாநிலம் முழுவதும் 2014ல் 5 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்புகள், 2023ல் 4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டன. 60 வயது கடந்தவர்கள் 2011லேயே நூற்றுக்கு 12.6 பேர், இந்தியாவிலேயே அதிகம். கிறிஸ்தவர் நிறைய வாழும் பத்தனம்திட்டை, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் நடுவே ஜனத்தொகையே குறைந்தது. பத்தனம்திட்டையில் 3 சதவீதம், இடுக்கியில் ஏறத்தாழ 2 சதவீதம். கும்பநாடு பக்கம் போனால் மாளிகை மாதிரி வீடுகள், கேட்டில் பூட்டு. உள்ளே ஆள் இருந்தால் எழுபது வயதுப் பாட்டியும் ஒரு வேலைக்காரியும்.

நம்ம உள்ளூரிலேயே உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998ல் வெளிநாடு போனவர்களை எண்ணத் தொடங்கியது. கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் ஆகியோர் தொடங்கிவைத்த வேலை அது. 1998ல் 13.6 லட்சம் பேர். 2013ல் 24 லட்சம். 2023ல் ஏறத்தாழ 22 லட்சம். எண்ணிக்கை நின்றுவிட்ட மாதிரி தோன்றும். ஆனால் உள்ளே ஆள் மாறியிருக்கிறது. படிக்கப் போன மாணவர்கள் 2018ல் 1.3 லட்சம் பேர். 2023ல் ஏறத்தாழ 2.5 லட்சம். வளைகுடா போனவன் திரும்பி வருவான். அங்கே குடியுரிமை கிடையாது. கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போகிறவன் பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்த வித்தியாசத்தைச் சபைகள் கவனிக்க வேண்டும்.

போனவர்கள் ஒரு பக்கம்; வந்தவர்கள் மறுபக்கம். குலாத்தி நிதி நிறுவனம் 2013ல் செய்த ஆய்வில், பிற மாநிலத் தொழிலாளிகள் 25 லட்சம் பேர் கேரளத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். முன்பு வந்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இப்போது வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். அரசாங்கம் மரியாதையாக "அதிதித் தொழிலாளி" என்கிறது, தெருவில் "பாயி". நம்மை "பாண்டி" என்று சொன்ன தெரு இது, மறந்துவிடக் கூடாது.

முன்பு சபை எப்படி நடந்தது

கேரளத்துச் சபைகளுக்கு மாற்றம் புதிதல்ல. மூன்று உதாரணம் போதும்.

ஒன்று: 1806ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, 1818ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் ஆகிய லண்டன் மிஷன்காரர்கள், அந்த வட்டாரத்து ஏழை ஜனங்களின் மொழியான தமிழிலேயே வேலை செய்தார்கள். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்தன. பெண்களுக்கு ரேந்தை பின்னும் கைத்தொழில் வந்தது. தோள்சீலைக்காக அந்தப் பெண்கள் பட்ட பாடும், 1859ல் பிறந்த அரச உத்தரவும் நம்மவர் அறிந்தவை.

இரண்டு: சீரோ மலபார் சபையின் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள், ஒவ்வொரு பள்ளியோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1864ல் கட்டளை அனுப்பினார். அதனால்தான் "பள்ளிக்கூடம்" என்ற சொல்லே வந்தது என்று இங்கே சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல, சொல் அதற்கு மிகவும் மூத்தது. ஆனால் செயல் அவருடையது. அதில் சந்தேகம் இல்லை. ஆதரவற்ற முதியோரும் மரணப் படுக்கையில் இருப்போரும் தங்குவதற்குக் கைனகரியில் 1869ல் ஓர் இல்லம் தொடங்கத் தூண்டியவரும் அவரே.

மூன்று: 1920களிலிருந்து மத்திய திருவிதாங்கூர் விவசாயிகள் மலபார் மலைக்காடுகளுக்குக் குடியேறினார்கள். மலைக்காய்ச்சலும் காட்டு மிருகமும் சேர்ந்து பலி வாங்கின. பாதிரிமார் பின்னாலேயே போனார்கள். ஓலைக் கொட்டகை ஜெபவீடாச்சு, பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு என்று வந்தது. 1953 முடிவில் தலைச்சேரி மறைமாவட்டமே பிறந்தது.

மூன்றிலும் பொதுவாக உள்ளது என்ன? ஜனம் எங்கே போகிறதோ, சபை அங்கே போனது. ஜனம் என்ன பேசுகிறதோ, அதைப் பேசியது. கட்டடம் பிறகு வந்தது.

எங்களுக்கு நேர்ந்தது

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலை. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள். கீழே அதைச் செய்வித்தவர் பெயர்கள். அச்சணந்தி பெயரும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர் அங்குள்ள பகவதியாருக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அது பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பதினாறாம் நூற்றாண்டில்கூடக் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்கள் இருந்திருக்கிறார்கள். தூணில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாவூர்ப் பக்கம் கல்லில் என்ற குகைக்கோயிலும் அப்படித்தான். பத்மாவதி இயக்கி இன்று பகவதியாகப் பூசை பெறுகிறாள்.

யாரோ வந்து பறித்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அரசர் மாறினர், பக்தி இயக்கம் எழுந்தது, வணிகப் பாதை மாறியது என்று அறிஞர் பல காரணம் சொல்வர். கடைக்காரனான எனக்குத் தெரிந்தது இது: வாடிக்கை குறைந்தவுடன் கடை மூடுவதில்லை. முதலில் பழைய வாடிக்கையை மட்டும் நம்பி உட்காருவோம். பிறகு அவர்களின் பிள்ளைகள் வேறு ஊர் போவார்கள். தெருவில் புதிதாக வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டோம். கடைசியில் பலகையில் பெயர் மட்டும் இருக்கும். 2011 கணக்கில் கேரளச் சமணர் மொத்தம் ஏறத்தாழ 4,500 பேர். தமிழ்நாட்டில் 89 ஆயிரம். அதிலும் வடக்கே இருந்து வந்தவர்கள் சேர்த்தி. வந்தவாசி, திண்டிவனம் பக்கம் எங்கள் ஜினாலயங்கள் பலவற்றில் காலைப் பூசைக்கு உபாத்தியாயர் ஒருவர்தான். தரிசிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா. என் பிள்ளைகளும் அதில் சேர்த்தி.

61 லட்சம் எங்கே, 4,500 எங்கே என்று சிரிக்கலாம். குணந்தாங்கிக் குரத்தியாரும் இன்றைய நிலையைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சபைகள் செய்யக்கூடியது

எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்கு நான்கு தானம் விதித்திருக்கிறது: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். இந்த நான்கையும் கொண்டே சமணப் பள்ளிகள் ஜனங்களிடம் செல்வாக்குப் பெற்றன. கேரளத்துச் சபைகள் வளர்ந்ததும் ஏறக்குறைய இந்த நான்கினால்தான். ஆகவே அந்த வரிசையிலேயே யோசிக்கிறேன்.

உணவுதானம். இன்றைக்குப் பட்டினி அரிசி இல்லாததால் மட்டும் வருவதல்ல. தனியாக இருக்கும் கிழவிக்குச் சமைக்கத் தெம்பு இல்லை. பிள்ளைகள் அனுப்பும் பணம் வங்கியில் இருக்கும், பாத்திரத்தில் கஞ்சி இருக்காது. ஒவ்வொரு பங்கிலும் தனித்து வாழும் முதியவர் எத்தனை பேர், எந்த வீடு என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். மதம் பார்க்காமல் போட வேண்டும். பங்குக் குடும்பங்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனால் செலவு பெரிதல்ல.

மருந்துதானம். சபைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. ஆனால் முதுமை ஆஸ்பத்திரியில் தீருகிற நோய் அல்ல. வீட்டுக்கு யாராவது வர வேண்டும். 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் இதைத்தான் காட்டியது. அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008ல் கேரள அரசு அதையே கொள்கையாக ஏற்றது. உலகம் முழுக்க நர்ஸ்களை அனுப்பிய சபைக்கு, ஓய்வு பெற்றுத் திரும்பிய நர்ஸ்களை ஒவ்வொரு பங்கிலும் திரட்டுவது கஷ்டமா? கன்னியாஸ்திரீ ஆகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். குரத்தியர் இல்லாமல் போனபின் எங்கள் பள்ளிகள் என்ன ஆயின என்று சிதறாலில் ஏறிப் பார்க்கலாம். இல்லறத்துப் பெண்களிடம் பொறுப்பையும் அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டும். மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986ல் உச்ச நீதிமன்றம் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தை சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்த்தது. நீதிமன்றம் சொல்லித்தான் அது வர வேண்டியிருந்தது. அடுத்ததையாவது சபை தானே செய்யட்டும்.

சாத்திரதானம். பிள்ளைகள் குறைந்ததால் எய்டட் பள்ளிக்கூடங்களில் டிவிஷன் போகிறது, வாத்தியார் வேலை போகிறது என்று ஒரே கவலை. அதே நேரம் எர்ணாகுளம் மாவட்டத்தில் வங்காளி, ஒடியா பேசும் பிள்ளைகளுக்காக 2017ல் ரோஷ்ணி என்ற திட்டம் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளையின் தாய்மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் உடன் இருந்து மலையாளத்துக்குப் பாலம் போடுவார். எழுத்தறிவு மிஷன் "சங்ஙாதி" என்ற பெயரில் பெரும்பாவூரில் பெரியவர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தது. சபைப் பள்ளிகள் இதை எடுத்து நடத்தலாம். 1864ல் போட்ட கட்டளை, இந்தப் பிள்ளைகளுக்குச் செல்லாது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே.

அபயதானம். இதுதான் நான்கிலும் கடினம். 2020 மார்ச் 29ஆம் தேதி, ஊரடங்கு போட்ட ஐந்தாம் நாள், சங்ஙனாச்சேரிப் பக்கம் பாயிப்பாட்டில் நூற்றுக்கணக்கான வெளிமாநிலத் தொழிலாளிகள் ஊருக்குப் போக வேண்டும் என்று தெருவில் கூடினார்கள். சுற்றிலும் பள்ளிகளும் மடங்களும் நிறைந்த வட்டாரம். அவர்கள் பாஷை தெரிந்த ஒரு பாதிரியோ ஒரு வாத்தியாரோ முன்பே அவர்களோடு பழகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அபயம் என்பது ஆபத்து வந்தபின் கூடம் திறப்பது மட்டும் அல்ல. அதற்கு முன்பே முகம் தெரிந்திருப்பது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்தால் நடக்காது. இரவிப்பேரூரில் பிறந்த பொய்கையில் யோகன்னான், சபைக்குள்ளும் சாதி பார்த்ததைப் பொறுக்காமல் வெளியேறி, 1909ல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை உண்டாக்கினார். தலித் ஜனங்கள் பெருமளவில் அவர் பின்னால் போனார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் கந்தமாலிலிருந்தும் வருகிற கிறிஸ்தவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் நிறைய. நூறு வருஷத்துப் பழைய பாடம் மறுபடி வாசலில் நிற்கிறது.

பிள்ளை பெறச் சொன்னால் போதுமா?

2021ல் பாலா மறைமாவட்டம், 2000க்குப் பின் மணமாகி ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி என்று அறிவித்தது. நாடெங்கும் பேச்சாயிற்று. பெரிய குடும்பத்துக்கு உதவுவதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் குறைவது பணமில்லாததால் மட்டும் அல்ல. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், தாமதமாக மணந்தார்கள். இவற்றில் பெரும்பங்கு சபைகளே செய்த நற்காரியம்! மேலும், பிறக்கிற ஐந்தும் பிளஸ் டூ முடித்து விமானம் ஏறினால் பங்குக்கு என்ன மிச்சம்? எங்கள் சமூகத்திலும் "இரண்டோடு நிறுத்தாதீர்கள்" என்று பெரியவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். கைதட்டினோம், வீட்டுக்கு வந்து மறந்தோம்.

பிரெஸ்டன் சொல்லும் பாடம்

இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரில் புனித இக்னேஷியஸ் ஆலயம். வெள்ளைக்கார ஜனம் குறைந்து 2014 டிசம்பரில் மூடினார்கள். கேரளத்திலிருந்து போன நர்ஸ்களும் குடும்பங்களும் அங்கே இருந்தார்கள். உள்ளூர் மறைமாவட்டம் கட்டடத்தைச் சீரோ மலபார் சபைக்குக் கொடுத்தது. 2016ல் அது புனித அல்போன்சா பேராலயமாயிற்று. பாட்டு மலையாளத்தில், கூட்டம் நிரம்ப. வந்தேறிக்குச் சாவியைக் கொடுத்ததால் ஒரு ஆலயம் ஆலயமாகவே நின்றது.

சிகாகோ, மெல்போர்ன், பிரெஸ்டன், மிசிசாகா என்று போன இடமெல்லாம் தன் மொழியில் வழிபட இடம் கேட்டு வாங்கிய சபை, கேரளத்துக்குள் வந்த ஒடியாவுக்கும் சந்தாளிக்கும் அதே உரிமையைக் கொடுக்கலாம் அல்லவா? முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. மூணாறு தோட்டங்களில் நம் ஜனங்களுக்காகத் தமிழில் ஆராதனை நடப்பது இன்று நேற்றைக்கு அல்ல. மாத்தச்சன் ஆகட்டும் மாரிமுத்து ஆகட்டும், அவனவன் பாஷையில் அழுதால்தான் அழுகை தீரும்.

முடிவாக

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரு தேவாலயத்தில் கமிட்டி மெம்பர். பையனின் கேள்வியை அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இது எங்களுக்கே தோணலையே" என்றார். கமிட்டியில் வைத்தார். கரண்டு பில் யார் கட்டுவது, நாற்காலி உடைந்தால் யார் பொறுப்பு என்று மூன்று மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாலை மூன்று மணிக்கு, பங்குக் கூடம் கிடைத்தது. முதல் நாள் என்னையும் கூப்பிட்டான். போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பேர். ஒடியாவில் பாடினார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. வாசலில் நின்று எல்லோரையும் "வா, வா" என்று உள்ளே அனுப்பியவர் என் நண்பர்.

இந்த மலரைப் படிக்கும் நாமும் வந்தேறிகள்தான். ராஜா கேசவதாசர் சாலைக் கம்போளத்தை உண்டாக்கியபோது, இந்த மண் நமக்கு வாசல் திறந்தது. திருச்சபைகளிடம் கேட்பதை நம் தமிழ்ச் சங்கங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் கூடத்தில் யாருக்கு இடம் இருக்கிறது? பள்ளி என்பது முதலில் ஒருவர் வந்து தலை சாய்க்கும் இடம். மற்ற பொருளெல்லாம் பிறகு வந்தவை.